கற்பலகையில் நான்கு இறக்கைகள்: மைக்ரோராப்டரை எலும்பு முதல் இரை வரை படிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

சீனாவின் வடகிழக்கே உள்ள லியாவோனிங் மாகாணத்தில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மைக்ரோராப்டர், ஒரு காகத்தை நினைவூட்டும் சிறிய உடலும், அந்த உடலைவிட நீளமான வாலும், கைகளில் மட்டுமன்றிக் கால்களிலும் நீண்ட இறகுகளும் கொண்ட ஊனுண்ணி டைனோசர். மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டரும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டைனோசர்களுள் உடலின் நிறம், உணவு, இறகு உதிரும் முறை ஆகிய மூன்றுக்கும் நேரடிச் சான்று கிடைத்திருப்பது மிகச் சிலவற்றுக்கே. அவற்றுள் இது ஒன்று.

ஆனால் இதைப் பற்றி நாம் வாசிக்கும் செய்திகள் அனைத்தும் ஒரே உறுதியோடு சொல்லப்பட்டுவிடுகின்றன. ‘மரத்தில் வாழ்ந்தது’, ‘இரவில் வேட்டையாடியது’, ‘மீன் தின்றது’ என்னும் மூன்று வாக்கியங்களும் ஒரே பத்தியில் அருகருகே நிற்கும்போது, அவற்றுள் ஒன்று மட்டுமே கல்லில் கண்ணால் காணக்கூடியது என்பதும், மற்ற இரண்டும் கல்லிலிருந்து ஊகித்தவை என்பதும் வாசகருக்குத் தெரிவதில்லை. ஆகவே இந்த விலங்கைக் கல்லிலிருந்தே தொடங்கிப் படிப்படியாக அறிந்துகொள்வதற்கான முறையை இங்கே விளக்குகிறேன். ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது கல்லில் இருக்கிறதா, அல்லது கல்லில் இருப்பதைக் கொண்டு ஒருவர் சொல்வதா?

முதல் படி: பலகையில் இருப்பது ஒரே விலங்குதானா என்று உறுதிசெய்தல்

எலும்புகளின் பெயர்களைக் கற்பதற்கு முன்னரே இந்தப் படியைத் தாண்டியாக வேண்டும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவின் டக்சன் நகரில் நடந்த கனிமக் கண்காட்சியில், லியாவோனிங்கிலிருந்து கடத்திவரப்பட்ட ஒரு கற்பலகை 80,000 டாலருக்கு விற்கப்பட்டது. பறவையின் மேலுடலும் டைனோசரின் வாலும் அதில் சேர்ந்திருந்தன. ‘ஆர்க்கியோராப்டர்’ என்ற பெயரில் அதே ஆண்டின் இறுதியில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் திமோதி ரோவ் அதை ஊடுகதிர் அடுக்குப் படம் (சி.டி. ஸ்கேன்) எடுத்துப் பார்த்தபோது, அது 88 துண்டுகளை ஒட்டி உருவாக்கப்பட்ட பலகை என்பது வெளிப்பட்டது.

வால் யாருடையது என்பதைக் கண்டறிந்தவர் பெய்ஜிங்கில் உள்ள முதுகெலும்பிகள் தொல்லுயிரியல் மற்றும் தொல்மானுடவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சூ சிங். லியாவோனிங்கின் பாறைகள் மெல்லிய அடுக்குகளாகப் பிளக்கக்கூடியவை. ஒரு புதைபடிவத்தை உள்ளே கொண்ட கல் பிளந்தால், விரித்த ஏட்டின் இரு பக்கங்களைப் போல இரண்டு பலகைகளிலும் அதே விலங்கு எதிரெதிராகப் பதிந்திருக்கும். ‘ஆர்க்கியோராப்டர்’ வாலின் மறுபக்கத்தை வேறொரு பலகையில் கண்ட சூ சிங், அந்தப் பலகையில் அவ்வாலோடு இருந்தது இதுவரை அறியப்படாத ஒரு சிறிய டைனோசரின் உடல் என்று கண்டார். 2000ஆம் ஆண்டில் அவரும் ஜோவ் ஜோங்ஹேயும் வாங் சியாவோலினும் அதற்கு மைக்ரோராப்டர் ஜாவோயானஸ் என்று பெயரிட்டனர். பின்பாதிப் பெயர், தொல்லுயிரியலாளர் ஜாவோ ஷிஜினைச் சிறப்பிப்பது. மேலுடலோ யானோர்னிஸ் என்னும் ஆதிப் பறவையினுடையது என்பது பின்னர் தெளிவானது. பெயர் தாங்கிய அந்த முதல் பலகையை மனத்தில் வைத்திருங்கள். கடைசிப் படியில் அதனிடம் திரும்புவோம்.

உடைந்த கல்லை ஒட்டி முழுமையாகக் காட்டினால் விலை கூடும் என்பதால், வணிகர் கை வழியாக வந்த எந்தப் பலகையையும் ஐயத்தோடு பார்ப்பதே முறை. கல்லின் விரிசல்கள் துண்டுக்குத் துண்டு தொடர்கின்றனவா, எலும்புகள் மூட்டுக்களில் இயல்பாகச் சந்திக்கின்றனவா, இறகுப் பதிவு ஒட்டுக்கோட்டைக் கடந்தும் தடையின்றி ஓடுகிறதா என்று பாருங்கள். வாலும் உடலும் சந்திக்கும் இடம் காணாமற்போயிருந்தால், அங்கிருந்தே கேள்வி தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: கல் எதைக் காத்தது, எதைச் சிதைத்தது என்று அறிதல்

மைக்ரோராப்டர் கிடைக்கும் ஜியூஃபோதாங் பாறை அடுக்கு, ஏரிகளின் அடியில் படிந்த மென்சேறும் எரிமலைச் சாம்பலும் கலந்து உருவானது. உயிர்வளி குறைந்த அடித்தளத்தில் மென்துகள் மூடியதால், மற்ற இடங்களில் அழுகிப்போகும் இறகுகளும் இங்கே நிலைத்தன. அதே அழுத்தம் விலங்கைத் தட்டையாக நசுக்கியும்விட்டது. உருண்டையான மண்டை தாளைப்போல் ஆனது. இடுப்பு மூட்டின் ஆழம் மறைந்தது. கால்களை இது எவ்வளவு அகலமாக விரிக்க முடிந்தது என்ற சண்டை இன்றுவரை நீள்வதற்கு இந்த நசுக்கமே பெரும் காரணம்.

சீன அருங்காட்சியகங்களில் உள்ள மைக்ரோராப்டர் மாதிரிகள் 300-க்கும் மேற்பட்டவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2003இல் குய் என்றும், 2012இல் ஹான்சிங்கி என்றும் மேலும் இரண்டு இனப்பெயர்கள் சூட்டப்பட்டன. இவை தனித்தனி இனங்களா, வயதும் பருமனும் வேறுபட்ட ஒரே இனமா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை; ஒரே இனமாகவே இருக்கக்கூடும் என்று பலர் கருதுகின்றனர். உடலமைப்பைக் கற்கும் ஒருவருக்கு இந்தப் பெயர்த் தகராறு பெரிய தடையாகாது என்பது என் எண்ணம்.

மூன்றாம் படி: எலும்புகளை வாயிலிருந்து வால்வரை வாசித்தல்

முதலில் அளவு. 2003இல் விவரிக்கப்பட்ட மாதிரியின் மொத்த நீளம் சுமார் 77 சென்டிமீட்டர். பெரிய மாதிரிகள் ஏறத்தாழ ஒரு மீட்டரை எட்டுகின்றன. எடை ஒரு கிலோவை ஒட்டியே இருந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. நீளத்தில் பெரும்பங்கு வாலுக்கே போய்விடுவதால், எண்ணைக் கேட்டுப் பெரிய விலங்கைக் கற்பனை செய்துவிடக் கூடாது.

பற்களில் நின்று நிதானமாகப் பாருங்கள். பெரிய ஊனுண்ணி டைனோசர்களின் பற்கள் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ரம்பம்போல் வெட்டுக் கொண்டவை. சதையை அறுத்துத் துண்டாக்கும் வாய்க்கு உரியவை. மைக்ரோராப்டரின் முன்பற்களில் ரம்ப வெட்டே இல்லை. பின்பற்களில் பின்விளிம்பில் மட்டும் உண்டு. பல்லின் அடிப்பகுதி சற்றே ஒடுங்கியிருக்கிறது. இத்தகைய வாய் அறுப்பதைவிடப் பற்றிப் பிடிப்பதற்கே பொருத்தமானது. இரையைக் கிழிக்காமல் முழுதாக விழுங்கியிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இங்கேயே எழ வேண்டும். வயிற்றைப் பார்க்கும்போது அது சரியா என்று சோதிக்கலாம்.

கை நீளமானது. மணிக்கட்டில் உள்ள பிறை வடிவ எலும்பு, பறவை இறக்கையை மடக்குவதுபோல் கையைப் பக்கவாட்டில் மடக்க உதவியது. மார்பில் கவட்டைபோல் பிரிந்த எலும்பும், அகன்ற மார்பெலும்பும் உண்டு. ஆனால் இன்றைய பறவைகளின் மார்பெலும்பிலிருந்து படகின் அடிக்கட்டை போலத் துருத்தி, வலிய பறக்கும் தசைகளைத் தாங்கி நிற்கும் அந்த ஆழமான மேடு இதில் இல்லை. பறத்தல் பற்றிய வாதத்தில் இரு தரப்பினரும் இந்த ஓர் எலும்பைத்தான் தம் பக்கம் இழுக்கின்றனர்.

வாலில் ஏறக்குறைய 25 முள்ளெலும்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் குச்சிகள் போன்ற மெல்லிய நீட்சிகள் முன்னோக்கி ஓடி அடுத்தடுத்த எலும்புகளைத் தழுவிக்கொள்வதால், வாலின் பெரும்பகுதி ஒற்றைக் கோலைப்போல் விறைத்து, அடிப்பகுதியில் மட்டும் அசைந்தது. பல்லியின் வாலைப்போல் நெளியும் மைக்ரோராப்டரை ஏதேனும் ஓவியத்தில் கண்டால் அதை நம்ப வேண்டாம்.

பாதத்தில், இரண்டாம் விரலின் நகம் அரிவாள்போல் வளைந்து பெரிதாக இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் அடையாளமே அந்த நகம்தான். இரையின் வயிற்றைக் கிழிப்பதற்கென்று நீண்ட காலம் சொல்லப்பட்டுவந்தது. ஆனால் 2011இல் டென்வர் ஃபவ்லரும் அவருடைய குழுவினரும், இதே குடும்பத்துப் பெரிய விலங்கான டைனோனிகஸின் பாதத்தைப் பருந்து, கழுகு ஆகியவற்றின் பாதத்தோடு ஒப்பிட்டு, தன்னைவிடச் சிறிய இரையின்மேல் ஏறி நின்று அது தப்பிவிடாமல் ஊன்றிப் பிடிப்பதே அந்நகத்தின் வேலை என்று வாதிட்டனர். ஒரு கிலோ எடையுள்ள மைக்ரோராப்டருக்கு அவ்விளக்கம் இன்னும் நன்றாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகிறது. அதன் இரைகள் அனைத்துமே சிறியவை. கிழிக்கவேண்டிய பெரிய வயிறு எதுவும் அதன் முன்னே இல்லை.

நான்காம் படி: இறகையும் நிறத்தையும் பிரித்துப் பார்த்தல்

1915இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் பீப், பறவைகளின் மூதாதையர் கால்களிலும் இறக்கை கொண்ட ஒரு கட்டத்தைக் கடந்து வந்திருக்க வேண்டும் என்று எழுதினார். புறாக் குஞ்சின் தொடையில் முளைக்கும் இறகுக் குருத்துகள் அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தன. 88 ஆண்டுகள் கழித்து, 2003இல், சூ சிங் குழுவினர் நான்கு இறக்கை கொண்ட மைக்ரோராப்டரை அறிவித்தபோது பீப்பின் பழைய படம் மீண்டும் நினைவுகூரப்பட்டது.

இறகைப் படிக்கும்போது நீளத்தைவிட முதலில் நோக்கவேண்டியது சமச்சீரின்மை. இறகின் நடுத்தண்டுக்கு இருபுறமும் உள்ள தகடுகளில் காற்றை எதிர்கொள்ளும் பக்கம் குறுகியும் மறுபக்கம் அகன்றும் இருந்தால், அந்த இறகு காற்றோடு தொடர்புடைய வேலை செய்திருக்கிறது என்று கொள்ளலாம். வெறும் குளிர்காப்புக்கான இறகுக்கு அந்த வடிவம் தேவையில்லை. மைக்ரோராப்டரின் கை இறகுகளில் மட்டுமன்றி, கணுக்காலுக்குக் கீழே பாத எலும்பிலிருந்து புறப்படும் நீண்ட இறகுகளிலும் இந்தச் சமச்சீரின்மை தெளிவாக இருக்கிறது. அத்தகைய காலோடு தரையில் நெடுந்தூரம் ஓடுவது எளிதாக இருந்திராது.

நிறத்துக்கு வருவோம். இறகினுள் மெலனின் நிறமியைத் தாங்கும் நுண்துகள்கள் சில புதைபடிவங்களில் உருக்கெடாமல் எஞ்சுகின்றன. 2012இல் லி சுவான்குவோவும் அவருடைய குழுவினரும் பெய்ஜிங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்து மாதிரியில் அவற்றை மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தனர். அவை நீண்டு ஒடுங்கியவையாகவும், இன்றைய பளபளக்கும் கருநிறப் பறவைகளின் துகள்களை ஒத்தவையாகவும் இருந்தன. ஆகவே மைக்ரோராப்டர் வெறும் கறுப்பு அல்ல. வெயிலில் திரும்பும்போது கரிச்சானின் முதுகில் நீலம் ஓடி மறைவதுபோல மினுங்கும் கறுப்பு. அதே மாதிரியில் வால் நுனியின் இறகு விசிறியிலிருந்து இரண்டு இறகுகள் தனியே நீண்டிருந்தன. இத்தகைய மினுக்கமும் நீட்சியும் இன்றைய பறவைகளில் துணையை ஈர்ப்பதோடு தொடர்புடையவை. மைக்ரோராப்டருக்கும் அப்படித்தான் என்பது ஊகம், ஆனால் நல்ல ஊகம்.

ஐந்தாம் படி: பறந்ததா என்ற கேள்வியைத் துண்டுகளாக உடைத்தல்

‘மைக்ரோராப்டர் பறந்ததா?’ என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் விடை குழப்பமாகவே வரும். கால்களை எங்கே வைத்தது, இறக்கையை விரித்துக் காற்றில் சறுக்கி இறங்கியதா, சிறகடித்ததா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கால்களைப் பொறுத்தவரை, 2003இல் முன்வைக்கப்பட்ட படம் நான்கு உறுப்புகளையும் விரித்துப் பறப்பதாக இருந்தது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் அமரும் விதத்தைக் காட்டி, இவ்வளவு விரித்தால் மூட்டு விலகிவிடும் என்று பலர் மறுத்தனர். 2007இல், கொல்கத்தாவில் பிறந்து டெக்சஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சங்கர் சாட்டர்ஜி, விமானவியல் அறிஞர் ஜாக் டெம்ப்ளினுடன் சேர்ந்து வேறொரு வழியைச் சொன்னார்: கால்கள் உடலுக்குக் கீழே மடங்கி நிற்க, பழைய இரட்டைத்தட்டு விமானத்தைப்போல் கை இறக்கை மேலும் கால் இறக்கை கீழுமாக அமைந்திருக்கலாம். எதிர்த்தவர்களும் இருந்தனர். 2013இல் கேரத் டைக் குழுவினர் விலங்கின் முழு அளவில் செய்த உருவம் ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, கால் எந்த நிலையில் இருந்தாலும் சறுக்கலின் தரம் பெரிதாக மாறவில்லை என்பது தெரிந்தது. பத்தாண்டுகள் நடந்த தகராறின் ஒரு பகுதி, அந்தத் தகராறு எதிர்பார்த்த அளவுக்கு முக்கியமானதல்ல என்ற விடையில் முடிந்தது என்பேன்.

சறுக்கியிருக்க முடியும் என்பதை மறுப்பவர் இன்று அரிது. சிறகடித்து எழுந்ததா என்பதே எஞ்சும் கேள்வி. 2020இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதில் நம்பிக்கை தருகின்றன. இறக்கைப் பரப்பையும் எடையையும் கணக்கிட்ட பெய் ரூய் குழுவினர், சிறகடிப்புப் பறத்தலுக்குத் தேவையான எல்லையை மைக்ரோராப்டர் தொட்டிருந்தது என்றனர். யோசெஃப் கியாட் குழுவினரின் ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது. இன்றைய பறவைகளுள் அன்றாட வாழ்வுக்குப் பறத்தலை நம்பியிருப்பவை, இறக்கை இறகுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக உதிர்த்து மாற்றிக்கொள்கின்றன. ஒரேயடியாக உதிர்த்தால் அவற்றால் இரை தேடவும் தப்பவும் முடியாது. மைக்ரோராப்டர் மாதிரி ஒன்றின் இறக்கையில் பாதி வளர்ந்த இறகுகளின் இடைவெளி அதே வரிசை முறையைக் காட்டியது. ஓர் இறகு வளர்ந்துகொண்டிருந்த நாளில் நின்றுபோன அந்தக் கல், இறக்கையை ஆண்டு முழுவதும் பயன்படத்தக்க நிலையில் வைத்திருப்பது அந்த விலங்குக்கு அவசியமாக இருந்தது என்று சொல்கிறது.

ஆறாம் படி: கண்ணின் சாட்சியத்தை எச்சரிக்கையோடு ஏற்றல்

இது சிறிய படி. ஆனால் இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கண்ணின் உள்ளே உள்ள எலும்பு வளையத்தின் அளவிலிருந்து ஒரு விலங்கு எவ்வளவு வெளிச்சத்தில் இயங்கியது என்று மதிப்பிடலாம். 2011இல் லார்ஸ் ஷ்மிட்ஸும் ரியோசுகே மோதானியும் அவ்வாறு கணக்கிட்டு மைக்ரோராப்டரை இரவில் இயங்கும் விலங்குகளோடு வைத்தனர். அடுத்த ஆண்டே மினுங்கும் கறுப்பு கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைய மினுங்கும் பறவைகளோ பெரும்பாலும் பகலில் இயங்குபவை. இரு சான்றுகளும் எதிரெதிரே நிற்கும்போது, நசுங்கிய மண்டையில் அளந்த வளையத்துக்கு நான் சற்றுக் குறைந்த எடையே தருவேன். அதற்காக ‘பகல் விலங்கு’ என்று எழுதிவிடவும் மாட்டேன்.

ஏழாம் படி: வயிற்றைத் திறந்து பார்த்தல்

நடத்தை பற்றிய எல்லா ஊகங்களுக்கும் மேலானது வயிற்றில் எஞ்சிய உணவு. ஆனால் விலாவுக்கு அருகே கிடக்கும் எந்தச் சிறு எலும்பையும் உணவென்று கொள்ளக் கூடாது. ஏரியடியில் வேறொரு விலங்கு மேலோ கீழோ படிந்திருக்கலாம். அந்த எலும்பு விலாக்கூட்டின் உள்ளே, இரு பக்க விலாக்களுக்கும் இடையில் இருக்கிறதா என்றும், அதன் விளிம்புகள் செரிமான அமிலத்தால் அரிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

2011இல் ஜிங்மாய் ஓ’கானர் குழுவினர், ஒரு மைக்ரோராப்டரின் வயிற்றில் பற்களுள்ள ஆதிப் பறவை இனம் ஒன்றைக் கண்டனர். மரக்கிளையில் அமரும் பறவையைத் தின்றிருப்பதால் மைக்ரோராப்டரும் மரத்தில் வேட்டையாடியிருக்கும் என்று அவர்கள் கூறினர். 2013இல் சிங் லிடா குழுவினர் மற்றொரு மாதிரியின் வயிற்றில் மீன் எலும்புகளைக் கண்டதும், மரத்தோடு மட்டும் பிணைத்துப் பார்த்த பார்வை தளர்ந்தது. மூன்றாவது உணவு 2019இல் வந்தது: ஏறக்குறைய முழுமையான ஒரு பல்லி, தலை முதலில் உள்ளே போகும்படி விழுங்கப்பட்டிருந்தது. கொக்கு மீனைத் திருப்பித் தலையை உள்ளே தள்ளுவதைப் பார்த்திருப்பவர்களுக்குக் காரணம் விளங்கும். செதிலும் கால்களும் தொண்டையில் சிக்காமல் வழுக்கிச் செல்ல அதுவே வழி. பற்களைப் பார்த்தபோது எழுந்த எதிர்பார்ப்பு இங்கே உறுதியாகிறது. அந்தப் பல்லி அறிவியலுக்கே புதிய இனம். அதற்கு இந்திரசாரஸ் வாங்கி என்று பெயரிட்டனர். விருத்திரன் இந்திரனை விழுங்கிய வேதக்கதையே அப்பெயருக்கு மூலம்; அக்கதையின்படி மைக்ரோராப்டருக்குக் கிடைத்த இடம் விருத்திரனுடையது.

பறவை, மீன், பல்லி என்று மரமும் நீரும் தரையும் ஒரே விலங்கின் வயிற்றுக்குள் வந்து சேர்கின்றன. ஒவ்வோர் உணவும் தனியாகக் கிடைத்தபோது ஒவ்வொரு வாழ்க்கைமுறையைச் சொல்லியது. சேர்த்து வைத்தபோதுதான், அகப்பட்ட சிறிய உயிர் எதையும் விடாத பொது வேட்டையாடி தெரிந்தது.

இப்போது முதல் படியில் மனத்தில் வைத்த பலகைக்குத் திரும்புவோம். ‘ஆர்க்கியோராப்டர்’ மோசடியை அம்பலப்படுத்திய அந்த வாலின் உரிமையாளர், 2000இல் பெயர் பெற்ற அந்த முதல் மாதிரி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எத்தனையோ பேரால் பார்க்கப்பட்டிருந்தது. மான்ட்ரியலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் லார்சன் அதன் விலாக்களுக்கு இடையே உற்றுநோக்கியபோது, அங்கே கிடந்த சிறு எலும்புகள் மைக்ரோராப்டருடையவை அல்ல என்று கண்டார். அவை ஒரு பாலூட்டியின் பாதம். டேவிட் ஹோன் தலைமையில் 2022 டிசம்பரில் வெளியான ஆய்வு, அது சுண்டெலி அளவிலான, மரமேறுவதற்கென்று தனித்த அமைப்பு எதுவும் இல்லாத, பெரும்பாலும் தரையில் வாழ்ந்த விலங்கினுடையது என்று தெரிவித்தது. உயிரோடு பிடித்துத் தின்றதா, செத்துக் கிடந்ததை எடுத்து விழுங்கியதா என்பதை அந்தச் சிறிய பாதத்திலிருந்து சொல்ல முடியாது.